அத்தை வீட்டு விறகுக் கொட்டகை

சென்ற ஆடி மாதம் ராஜபாளையத்தில் ஒரு தகரம் பறந்தது. எட்டடி நீளம், மூன்றடி அகலம், புத்தம் புதுசு. ஒரு வீட்டுக் கொல்லையிலிருந்து கிளம்பி, சுற்றுச்சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டு முருங்கை மரத்தின் தலையைக் கொய்துகொண்டு, அந்த வீட்டுக் குழந்தைகள் தினந்தோறும் பாண்டி விளையாடும் இடத்தில் போய் விழுந்தது. நல்லவேளை, அன்று பள்ளிக்கூட நாள். சுண்ணாம்புக் கட்டியால் போட்ட கட்டங்களைத் தவிர அங்கே யாரும் இல்லை.

அந்தத் தகரத்தைக் கூரையில் வைத்து ஆணி அடித்தவன், வாசகர்களே, அடியேன்தான்.

இந்தப் பக்கத்தில் வாராவாரம் 'இதை நீங்களே செய்யலாம், அதை நீங்களே செய்யலாம்' என்று உங்களுக்குத் தைரியம் சொல்லி வருகிறவன் நான். புத்தக அலமாரி செய்யச் சொன்னேன், செய்தீர்கள். ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றச் சொன்னேன், மாற்றினீர்கள். அதற்குப் பிறகு பிளம்பரையும் கூப்பிட நேர்ந்ததாகச் சிலர் எழுதியிருந்தார்கள். அது போகட்டும். ஊருக்கு உபதேசம் செய்கிறவன் தன் சொந்த அத்தை வீட்டில் கோட்டை விட்ட கதையை மறைப்பது நியாயம் இல்லை. ஆகையால் இந்த வாரம் தோல்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் அத்தை ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். மாமா பஞ்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1936-ல் ராஜபாளையம் மில் தோன்றிய நாளிலிருந்து அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவராவது பஞ்சோடும் நூலோடும் சம்பந்தப்பட்டவராகத்தான் இருப்பார். அத்தை வீட்டு அடுப்படியில் காஸ் அடுப்பு இருக்கிறது. ஆனால் கொல்லையில் வெந்நீர் அடுப்பு ஒன்றும் இருக்கிறது. தினமும் விடியற்காலம் ஒரு அண்டா வெந்நீர்; விசேஷ நாட்களில் முறுக்கு, அதிரசம்; சிலிண்டர் தீர்ந்து மறு சிலிண்டர் வராத நாட்களில் சோறும் குழம்பும் - எல்லாம் அந்த அடுப்பில்தான். "ஏத்தை, இந்தக் காலத்தில் விறகா?" என்று ஒரு தரம் கேட்டுவிட்டு, "சிலிண்டருக்கு நீ பணம் அனுப்புறியா?" என்று பதில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

போன கார்த்திகைக்கு முந்தின கார்த்திகையில் டெலிபோனில் பேசும்போது, ஊர்ச் சேதி எல்லாம் சொல்லி முடித்த பிறகு, உப்பு விலையைச் சொல்வது போல ஒன்று சொன்னாள்.

"நேத்து விடியாலே விறகு எடுக்கக் கையை விட்டேன்யா. சில்லுன்னு ஏதோ பட்டுச்சு. பூச்சி. அதுபாட்டுக்குப் போயிருச்சு. மாமா டார்ச் அடிச்சுப் பார்த்தாக. கறுப்பிலே வெள்ளை வெள்ளையா வளையம் போட்டிருந்துச்சாம்."

இருட்டில் பாம்பு என்று வாயால் சொல்லக் கூடாது. பூச்சி என்றுதான் சொல்ல வேண்டும். கறுப்பு உடம்பில் வெள்ளை வளையம் என்றால் அது கட்டுவிரியனாக இருக்கலாம். இரவில் நடமாடும் ஜாதி. அது கடித்தால் பெரிதாக வலிக்காது, வீங்காது. எறும்பு கடித்தது என்று எண்ணிப் படுத்துத் தூங்குகிறவர்கள் உண்டு. கொஞ்ச நேரத்தில் இமை சரியும், பேச்சுக் குழறும், பிறகு மூச்சே நின்றுவிடும். அத்தைக்கு வயது எழுபது. அன்று அந்தப் பூச்சிக்குக் கோபம் வரவில்லை. அவ்வளவுதான் அவளுக்கும் எனக்கும் கிடைத்த அதிர்ஷ்டம்.

விறகு எங்கே கிடந்தது என்று கேட்கிறீர்களா? எல்லா வீட்டிலும் கிடக்கிற இடத்தில்தான். கொல்லைச் சுவர் ஓரமாய், வெறும் தரையில், ஒரு பக்கம் தென்னை மட்டை, ஒரு பக்கம் சிரட்டை, நடுவில் விறகு, மேலே ஒரு கிழிந்த தார்ப்பாய். அடியில் ஈரம், ஈரத்தில் கறையான்; இடுக்கில் எலி, எலிக்குப் பின்னால் பூச்சி. கிராமணி வீட்டிலிருந்து கலெக்டர் வீடு வரை இந்த ஏற்பாட்டில் வித்தியாசம் இருக்காது.

வைகாசியில் லீவு போட்டுவிட்டுப் போய் இறங்கினேன். காலேஜில் படித்தவன் ஆயிற்றே! கையில் கிராப் பேப்பரில் போட்ட பிளான். ஆறடிக்கு ஐந்தடி ஓர் அறை, நான்கு மூலையிலும் தைலமரக் கம்பு, வடக்கு, தெற்கு, கிழக்கு மூன்று பக்கமும் தகரம், மேலே தகரம், மேற்கே வாசல். மழை ஒரு சொட்டு உள்ளே வரக் கூடாது என்பது என் லட்சியம். மூன்று நாளில் முடித்தேன். மாமா சுற்றி வந்து பார்த்துவிட்டு, "டூரிங் சினிமாக் கொட்டகை மாதிரி இருக்கு மாப்பிள்ளே" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

நான் மறந்துபோன சங்கதி ஒன்று இருந்தது; ஊருக்கு மேற்கே நிற்கும் மலை. தென்மேற்குப் பருவ மேகம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் வெறும் காற்றாக இறங்கும். ஆனியிலும் ஆடியிலும் ராஜபாளையத்துக் கொல்லைகளில் அந்தக் காற்று செய்கிற அட்டகாசத்தைப் பார்க்க வேண்டும்! மூன்று பக்கம் அடைத்து, மேற்கே மட்டும் வாயைத் திறந்து வைத்த கொட்டகை, பாய் விரித்த கப்பலுக்குச் சமானம். உள்ளே புகுந்த காற்றுக்கு வெளியே போக வழியில்லை. கூரையைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

டெலிபோனில் மாமா அதிகம் பேசவில்லை. "மாப்பிள்ளே, உங்க தகரத்தைப் பக்கத்து வீட்டிலே பத்திரமா வச்சிருக்காங்க" என்றார். பாண்டிக் கட்டங்களின் விவரம் அத்தை சொல்லித்தான் தெரிந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. ஒரு பூச்சியிடமிருந்து அத்தையைக் காப்பாற்றப் போய், பக்கத்து வீட்டுக் குழந்தைகள் தலைமேல் கத்தியைத் தொங்கவிட்டிருக்கிறேன்!

உடனே புறப்பட்டேன். மதுரையிலிருந்து ராஜபாளையம் பஸ் திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் போகும். கல்லுப்பட்டியில் பஸ் நின்றபோது அங்கே உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தின் ஞாபகம் வந்தது. 1960-ஆம் வருஷம் ஜனவரி 30-ஆம் தேதி, காந்தி மறைந்த அதே தேதியில் காலமான ஜே.சி.குமரப்பா, தம் கடைசி ஆண்டுகளைக் கழித்த இடம் அது. கிராமத்துப் பெண்களின் கண்ணில் புகை போகாமல் இருக்க வழி என்ன என்று பொருளாதாரம் படித்த ஒருவர் கவலைப்பட்டார் என்றால், அது அவர்தான். அவர் வார்தாவில் நடத்திய கிராமக் கைத்தொழில் சங்கத்திலிருந்துதான் 'மகன் சூலா' என்ற புகையில்லா அடுப்பு வந்தது. அவருடைய அடுப்பிலும் ஈர விறகை வைத்தால் புகையத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். அடுப்பைப் பற்றிப் பேசாத நாள் இல்லை நம் நாட்டில். விறகு எங்கே, எப்படிக் கிடக்கிறது என்று பேசத்தான் ஆள் இல்லை.

அத்தை என்னைத் திட்டவில்லை. காப்பி கொடுத்தாள். பிறகு, "ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் அரைக் கிலோ பால்கோவா வாங்கிட்டு வா. அப்படியே அங்கே விறகை எப்படி அடுக்கி வச்சிருக்கான்னு பார்த்துட்டு வா" என்றாள்.

சுமார் பதினோரு கிலோமீட்டர். ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. வீதியில் கூட்டம் வடிந்திருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் ருசிக்கு அந்த வட்டாரத்துப் பாலைக் காரணம் சொல்வார்கள். அடுப்பைக் காரணம் சொல்கிறவர்கள் கொஞ்சம். பால்கோவாவை விறகடுப்பில்தான் கிண்ட வேண்டும் என்ற பழக்கம் இன்றும் அங்கே போகவில்லை. ஒரு கடையின் பின்கட்டில் மாஸ்டர் ஒருவர் பெரிய இரும்புச் சட்டியில் பாலைக் கிண்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பத்திரிகைக்காரன் பால்கோவாவைப் பற்றிக் கேட்காமல் விறகைப் பற்றிக் கேட்டதில் அவருக்கு ஏக சந்தோஷம்.

"எல்லாரும் பாலையும் சர்க்கரையையும் கேட்டுட்டுப் போயிருவாங்க, தம்பி. அடுப்பு ஒரே சீரா எரியலேன்னா பால் அடிப்பிடிச்சிரும். புகை அடிச்சா அந்த வாடை பாலிலே ஏறிரும். ஈர விறகு ஒண்ணு போதும், ஒரு சட்டிப் பாலைக் கெடுக்க" என்றார்.

பிறகு இரண்டு புளியங்கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். 'டங்' என்று கோயில் சேமக்கலம் போலச் சத்தம் வந்தது. அடுத்து, வாசலில் அன்று வந்து இறங்கிய கட்டையில் இரண்டை எடுத்துத் தட்டினார். 'தொப்'. "இம்புட்டுதான் படிப்பு" என்று சிரித்தார். காய்ந்த கட்டையின் வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து கீறல் விட்டிருக்கும். பட்டை தானாகக் கழன்று வரும். கையில் எடுத்தால் லேசாக இருக்கும். ஈரக்கட்டையில் இவை ஒன்றும் இருக்காது.

காலேஜில் படித்த பௌதிகம் அப்போதுதான் எனக்கு உபயோகப்பட்டது. பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். வெட்டிப் பிளந்து, காற்றும் நிழலும் பட வைத்தால் சில மாதங்களில் அது ஐந்தில் ஒரு பங்கு, அதற்கும் கீழே என்று இறங்கும். ஒரு கிலோ தண்ணீரை நம் ஊர் வெயிலின் 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோ கலோரி போதும். ஆனால் அந்தக் கொதிநீரை ஆவியாக்க இன்னும் 540 வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டைக்குள் ஒளிந்திருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை விரட்டச் செலவாகும் சூட்டில், அத்தை எட்டு லிட்டர் வெந்நீர் போட்டுவிடலாம்! நஷ்டம் அதோடு நின்றாலும் பரவாயில்லை. ஈரம் அடுப்பின் சூட்டைத் தணித்துவிடுவதால், கட்டையிலிருந்து வரும் வாயு முழுதும் எரியாமல் புகையாக வெளியே வரும். அந்தப் புகையை விழுங்குகிறவர் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருப்பவர். விறகும் சாணமும் கரியும் எரிக்கும் வீடுகளுக்குள் சூழும் புகையினால் 2020-ஆம் வருஷத்தில் உலகம் முழுவதும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அத்தையின் கார்த்திகை மாத இருமலை நாங்கள் எல்லோரும் பனியின் தலையிலேயே போட்டுவந்தோம்.

மாஸ்டர் விறகை அடுக்கியிருந்த விதத்தைச் சொல்ல மறந்துவிட்டேனே! அறை இல்லை. சுவரை விட்டு இரண்டடி தள்ளி, செங்கல் வரிசையின் மேல் கம்பு போட்டு, அதன் மேல் ஒரே வரிசையாக, நீளமாக அடுக்கியிருந்தார். ஒரு கட்டைக்குப் பின்னால் இன்னொரு கட்டை கிடையாது. இந்தப் பக்கம் நின்றால் இடுக்கு வழியே அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது. மேலே மட்டும் ஒரு கூரை.

புத்தக அலமாரி! போன வருஷம் இந்தப் பக்கத்தில் உங்களுக்கு நானே படம் போட்டுக் காட்டிய அதே அலமாரி! விறகுக்கு வேண்டியது அறை அல்ல, அலமாரி என்று அந்தப் பின்கட்டில்தான் எனக்குத் தெரிந்தது.

திரும்பி வந்ததும் பழைய கொட்டகையைப் பிரித்தோம். மூன்று மாதம் கூட ஆகவில்லை. தைலமரக் கம்பின் அடியில் கறையான் புற்று ஏறியிருந்தது. அடைத்த மூலையில் வைத்திருந்த விறகில் வெள்ளையாய்ப் பூஞ்சணம். மழை உள்ளே வராமல் தடுத்தேன். ஈரம் வெளியே போவதையும் சேர்த்துத் தடுத்துவிட்டேன். மாமா கூட்டி வந்த ஆசாரி அந்தக் கம்பைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். பொடியாய் உதிர்ந்தது. "மரத்தை மண்ணிலே நட்டா கறையானுக்கு விருந்து வச்ச மாதிரி, தம்பி. கல்லுக்கால் நடுங்க. உங்க பேரன் காலத்துக்கும் நிக்கும்" என்றார்.

இப்போது, செய்யப் போகிறவர்கள் பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

அத்தை வீட்டு அலமாரி பத்தடி நீளம், மூன்றடி ஆழம். வீட்டுச் சுவரிலிருந்தும் காம்பவுண்டுச் சுவரிலிருந்தும் இரண்டடியாவது தள்ளி இடம் பார்த்தோம். முகம் தெற்கே. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து வரும். அதற்கு முதுகைக் காட்டிவிடலாம். ஆடிக் காற்று மேற்கிலிருந்து வரும். அது விறகின் முகத்தை உரசிக்கொண்டு போகுமே தவிர, வாய்க்குள் புகுந்து கூரையைத் தூக்காது. மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்பதால், வெயில் விறகின் முகத்திலேயே விழும். உங்கள் ஊரில் காற்றும் மழையும் எந்தப் பக்கம் என்று, கல் நடுவதற்கு முன்னால் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கிராப் பேப்பருக்கு அது தெரியாது.

கல்லுக்கால் ஆறு. வேலிக்கு நடும் அதே கருங்கல் கால்தான், நாலங்குலச் சதுரம். முன்னால் எட்டடிக் கல் மூன்று, பின்னால் ஏழடிக் கல் மூன்று. ஒவ்வொன்றும் ஒன்றரை அடி குழிக்குள் இறங்க வேண்டும். கூரைக்கு ஓரடி சரிவு தானாகக் கிடைத்துவிடும். எட்டடிக் கல் அறுபது, எழுபது கிலோ இருக்கும். 'நீங்களே செய்யலாம்' என்று நான் சொல்வது இந்த இடத்தில் செல்லாது. தூக்க இரண்டு பேர், பிடிக்க ஒருவர், வேடிக்கை பார்த்துக் குறை சொல்ல ஒரு மாமா அவசியம். குழியில் கல்லும் கான்கிரீட்டும் போட்டு, தூக்குக்குண்டு பிடித்து நிறுத்தி, நாலைந்து நாள் அசைக்காமல் விட்டுவிடுங்கள்.

அடுத்தது அடித்தளம். பேசுகிற விஷயமே இதுதான் என்பதால் அவசரப்படாமல் படியுங்கள். தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குச் செங்கல் திண்டுகள், முன்னால் நாலு, பின்னால் நாலு. அவற்றின் மேல் நீளவாக்கில் வைரம் பாய்ந்த பனங்கை. பழைய வீடு இடிக்கிற இடத்தில் பனங்கை மலிவாகக் கிடைக்கும். கறுத்துப்போன பனையைக் கறையான் சுலபத்தில் தொடாது. மேலே குறுக்குச் சட்டங்கள், இரண்டங்குல இடைவெளி விட்டு. அந்த ஓரடி எதற்கு? துடைப்பம் தாராளமாய்ப் போய் வர வேண்டும். குனிந்து பார்த்தால் மறுபக்கத்து வெளிச்சம் தெரிய வேண்டும். வெளிச்சம் தெரிகிற இடத்தில் பூச்சி குடியிருக்க விரும்பாது. அங்குலக் கணக்கில் தாழ்த்திக் கட்டினால், பூச்சிக்கு நீங்களே மாடி வீடு கட்டிக் கொடுத்ததாக ஆகும். இடம் கிடைத்ததே என்று அந்தச் சந்தில் உடைந்த பானையையும் சிரட்டையையும் தள்ளி வைக்காதீர்கள்.

கூரைக்குப் பழைய தகரமேதான். பறந்து போனதைக் கூடத் தட்டி நிமிர்த்திக்கொண்டோம். எட்டடித் தகரத்தை ஐந்தடியாக வெட்டி, நாலு துண்டு, ஒன்றன் ஓரம் ஒன்றின் மேல் ஏறும்படி போட்டோம். முன்னால் முக்கால் அடி இறக்கம் போதும். அதற்கு மேல் நீட்டினால் காற்றுக்குக் கைப்பிடி கொடுத்தது போல. பின்னால் ஒன்றேகால் அடி. தகரத்துக்கு ஆணி அடிக்க வேண்டாம். கொக்கி போல்ட்டு போட்டு, வாஷரும் தார் வளையமும் வைத்து, மேடான வரியில் முடுக்குங்கள். பள்ளத்தில் ஓட்டை போட்டால் மழைத் தண்ணீர் முழுதும் அந்த வழியாகவே இறங்கும். கூரைச் சட்டத்தைக் கல்லுக்காலோடு கனமான கம்பியால் இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்க வேண்டும். ஆசாரி முறுக்கி முடித்ததும், நான் ஏணியில் ஏறிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் கை தட்டினார்கள். தென்னங்கிடுகு வேய்ந்தால் என்ன என்று கேட்பீர்கள். பார்க்க அழகுதான். வருஷத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும். எலிக்கும் அது பிடிக்கும்.

முதுகுக்கும் இரண்டு ஓரங்களுக்கும் விரல் இடைவெளி விட்டுச் சட்டம் அடித்தாயிற்று. வெட்டி மீந்த மூன்றடித் தகரத்தில் இரண்டு துண்டைக் கிழக்கு ஓரத்தில் மழைக்காலத்துக்கு மட்டும் மாட்டிக்கொள்ளக் கொக்கி வைத்தோம்.

எல்லாம் முடிந்தது என்று நான் கையைத் தட்டிக்கொண்டபோது அத்தை வந்தாள். விறகை எவ்வளவு உயரத்துக்கு அடுக்குவது என்று கேட்டாள். கூரை வரைக்கும் என்றேன், பெருமையாக.

"அம்புட்டு உசரத்துக்கு அடுக்கினா யாரு எடுக்கிறது, நீயா மெட்ராசிலேருந்து வந்து எடுப்பே?" என்றாள். வந்து நின்று, கையை நீட்டித் தன் தோளளவைக் காட்டினாள். தரையிலிருந்து நாலரை அடி. "இதுக்கு மேலே வேணாம். ஒரு கட்டைக்குப் பின்னாலே இன்னொரு கட்டை வேணாம். கண்ணு போகாத இடத்துக்குக் கை போகக் கூடாது" என்றாள்.

என் பிளானில் மழைக்கு அளவு இருந்தது, காற்றுக்கு அளவு இருந்தது, தகரத்துக்கு அளவு இருந்தது. விடியற்காலம் நாலரை மணிக்கு இருட்டில் விறகு எடுக்கிறவளின் கைக்கு அளவு எடுக்கவே இல்லை. இரண்டடி நீளத்துக்குக் கட்டைகளை அறுத்து, வெட்டுமுகம் வெளியே தெரியும்படி ஒற்றை வரிசையாக வைத்தோம். கட்டையின் ஈரம் வெளியேறும் வாசல் பெரும்பாலும் அந்த வெட்டுமுகந்தான். பட்டை வழியே அவ்வளவு போகாது. ஓரத்தில் குறுக்கும் நெடுக்குமாய் அடுக்கித் தூண் போல எழுப்பிவிட்டால் நடுவில் உள்ளவை சரியாது. தோளளவுக்கு அடுக்கினால் சுமார் முக்கால் டன் பிடிக்கும். வெந்நீருக்கு மட்டும் என்றால் ஒரு வீட்டுக்கு மழைக்காலமும் பனிக்காலமும் தாராளமாய்த் தாங்கும்.

நடுக்கல்லை எல்லையாக வைத்து இரண்டு பாகமாகப் பிரித்துக்கொண்டதும் அத்தையின் யோசனைதான். "பழைய நெல்லு ஒரு குலுக்கை, புது நெல்லு ஒரு குலுக்கை" என்றாள். கிழக்குப் பாகத்தில் காய்ந்தது, இந்த வருஷத்துக்கு. மேற்குப் பாகத்தில் புதிதாய் வெட்டியது, காய்வதற்கு. வைகாசியில் பிளந்து அடுக்குவது ஆடிக் காற்றில் காய்ந்து ஐப்பசிக்குத் தயாராகிவிடும். கூரையைப் பறக்கவிட்ட அதே காற்று, இப்போது அத்தைக்குச் சம்பளம் வாங்காத வேலைக்காரன்.

விறகு எங்கே வாங்குவது என்பதைப் பற்றியும் இரண்டு வார்த்தை. முன்காலத்தில் மலையடிவாரத்திலிருந்து தலைச்சுமையாய் விறகு வரும் என்று மாமா சொல்வார். சாம்பல்நிற அணிலுக்காக அந்தக் காடு 1988-ல் சரணாலயம் ஆயிற்று. 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமும் ஆகிவிட்டது. அங்கே ஒரு சுள்ளியைத் தொட நமக்கு உரிமை இல்லை. தொடவும் தேவை இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்துப் பக்கமிருந்து வந்து சேர்ந்து, நம் கண்மாயையும் காட்டையும் வளைத்துப்போட்ட சீமைக் கருவேல் இருக்கிறதே, அதை வெட்டினால் திட்டுவதற்கு ஒருவரும் இல்லை. நன்றாக எரியும், முள்ளை மட்டும் பார்த்துக் கழிக்க வேண்டும். ராஜபாளையத்தைச் சுற்றித் தென்னந்தோப்புக்குக் குறைவில்லை. மட்டையும் பாளையும் அடுப்பு மூட்டக் கிடைத்துக்கொண்டே இருக்கும். காய்த்து ஓய்ந்த மாமரங்களும் சில சமயம் விலைக்கு வரும்.

கொட்டகை கட்டிவிட்டோம், இனிப் பூச்சி வராது என்று அத்தைக்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை. கொடுக்கவும் முடியாது. பூண்டு நசுக்கிப் போடுவதாலும் கார்பாலிக் ஆசிட் தெளிப்பதாலும் பாம்பு ஓடிவிடும் என்பதை நம்பிப் பிரயோஜனம் இல்லை. கல்லுக்காலில் ஓர் ஆணி அடித்து டார்ச் விளக்கை மாட்டிவிட்டோம். பக்கத்தில் ஒரு கம்பு. முதலில் வெளிச்சம், பிறகு கம்பால் இரண்டு தட்டு, அதற்குப் பிறகுதான் கை. அப்படியும் தப்பித்தவறிக் கடித்துவிட்டால் கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையை அசைக்காமல் வைத்து, 108-க்குச் சொல்லி, நேரே அரசு ஆஸ்பத்திரிக்கு. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலின் விஷத்துக்கும் ஒரே மருந்துதான். எது கடித்தது என்று தேடிக்கொண்டு நேரத்தைப் போக்க வேண்டாம். அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும் பங்கைச் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் 1978-லிருந்து எடுத்துக் கொடுத்து வருகிறது. பாம்பின் வாயிலேயே கை வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், நமக்காக!

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை என்று செய்தியில் பார்த்தேன். இரவு எட்டு மணிக்கு டெலிபோன் செய்தேன். அத்தை ஒன்றும் பேசவில்லை. 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது. மறுபடி 'டங்'. என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டேன். பிறகுதான் புரிந்தது, ரிசீவருக்குப் பக்கத்தில் இரண்டு விறகைத் தட்டுகிறாள்!

"இருமல் எப்படி இருக்கு அத்தை?"

"இருக்கு, கொஞ்சம் போலே. அதை விடு. உன் கொட்டகையிலே மேற்கு ஓரத்து விறகு மேலே கோழி அடை உட்கார்ந்திருச்சு. இருபத்தியோரு நாளைக்கு அந்தப் பக்கமே போக முடியாது. முட்டை வாசத்துக்குப் பூச்சி வருமேன்னு மாமா ராத்திரியெல்லாம் எந்திரிச்சு டார்ச் அடிச்சுப் பார்க்காக. நீ எப்ப லீவிலே வர்றே?"

வெட்டி மீந்த மூன்றடித் தகரத்தில் இன்னும் இரண்டு துண்டு பாக்கி இருக்கிறது. ஒரு கோழிக்கூட்டுக்குக் கூரை போட அது போதுமா என்று ஆசாரியைக் கேட்டு எழுதியிருக்கிறேன்.